பார்த்துவிட்டுத்தான் மனு போடுவேன் என்றாள் என் மகள்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். எழுத்துப் பிழை இருக்கும். முன்னால் நடந்தது பின்னால் வரும், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடியிருந்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன். கோயிலில் ஒரு வார்த்தை பேசச் சொன்னாலும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அந்த அளவுக்கு வயிறு எரிகிறது.

என் மகள் திமிர் பிடித்தவளாம். புக்கிட் ரோத்தானில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அவள் என்ன செய்துவிட்டாள்? அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும் பிரிவில் சின்ன டாக்டராக வேலை செய்கிறாள். அதிலேயே மேலே படித்து ஸ்பெஷலிஸ்ட் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. நாலு வருஷப் படிப்பு. ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டேதான் படிக்கவேண்டும். எந்த ஆஸ்பத்திரி என்று மனுவில் முதலிலேயே எழுத வேண்டுமாம். எழுதுவதற்கு முன்னால் இரண்டு இடத்தை நேரில் போய்ப் பார்க்கிறேன் என்றாள். இவ்வளவுதான். இதற்குப் பெயர் திமிர்.

முதலில் கிளப்பிவிட்டது என் சொந்தத் தம்பி. கோலா சிலாங்கூரில் இருக்கிறான். கோயில் கமிட்டியில் பெரிய ஆள். ஒரு சாயங்காலம் வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"என்னாக்கா, கேள்விப்பட்டது நெசமா? மருமவ ஆஸ்பத்திரிய இன்ஸ்பெக்‌ஷன் பண்ணப் போறாளாமே? எப்ப மந்திரியானா? சொல்லவே இல்ல."

மகள் அடுப்படியில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"மாமா, பழைய கார் வாங்குனீங்களே, கடைக்காரன் நல்ல காருன்னு சொன்னதும் வாங்கிட்டு வந்துட்டீங்களா?"

"அது எப்படி லா? அடியில படுத்துப் பாத்தேன். எஞ்சினத் தொறந்து பாத்தேன். மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போனேன்."

"கடைக்காரன் உங்களத் திமிருன்னு சொன்னானா?"

"அது காசு குடுத்து வாங்குறது. நீ வேல கேட்டுப் போறவ. குடுக்குற எடத்துல போயி பல்லப் புடிச்சா பாப்பாங்க? மயக்க ஊசி போடுறதுக்கு நாலு வருசப் படிப்பா? எங்க பல் டாக்டரு அர நிமிசத்துல போட்டுடுறாரு."

"உங்களுக்குப் போட்டா பேச்சு நிக்கும். அவரு பொழச்சாரு."

தம்பி சிரித்தான். சிரித்துவிட்டுப் போய் கமிட்டியில் எல்லாரிடமும் சொன்னான்.

அந்த ஊசிப் பேச்சுதான் எனக்கு ஆறவே இல்லை. எனக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். ஆபரேஷன் செய்த டாக்டருக்கு எங்கள் வீட்டிலிருந்து பழக்கூடை போனது. இன்றைக்கும் என் தம்பி அந்த டாக்டர் பெயரைச் சொல்லிக் கும்பிடுவான். என் தலைமாட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கட்டுப்பல் இருக்கிறதா, ஆஸ்துமா இருக்கிறதா, முன்னே எப்போதாவது மயக்கம் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டாள். கத்தி வைத்தவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் என் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது அவள்தான். என் மகள் இந்த வேலைக்குப் போன பிறகுதான் எனக்கே இது தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு ஆரஞ்சுகூட யாரும் கொடுக்கவில்லை.

மகள் ஏன் பார்த்துவிட்டுப் போக நினைத்தாள் என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் அவளுக்கு சீனியராக ஒரு டாக்டர் இருந்தாள். பிறந்த குழந்தையின் கையில்கூட ஒரே தடவையில் நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாளாம். அவ்வளவு நல்ல கை. இந்தப் படிப்பில் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டாள். இப்போது முகத்தைப் பளபளப்பாக்கும் கிளினிக் ஒன்றில் வேலை செய்கிறாள். ஏன் விட்டாய் என்று கேட்டால், "தூங்கணும் போல இருந்துச்சு" என்றாளாம்.

அப்புறம் என் மகளுக்கே ஒன்று நடந்தது. இரவு வேலை முடிந்து காலையில் காரோட்டிக்கொண்டு வந்தவள் ஈஜோக் விளக்குச் சந்திப்பில் சிவப்பு விழுந்த நேரத்தில் தூங்கிவிட்டாள். கார் மெல்ல உருண்டு போய் நடுத்திட்டில் ஏறி நின்றது. பின்னாலிருந்த லோரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி எழுப்பியிருக்கிறார். முன் பம்பர் தொங்கியது. அவரே கயிறு போட்டுக் கட்டிக்கொடுத்திருக்கிறார். வாசலில் வந்து நின்று, "அம்மா, காருக்குத் தாவாங்கட்ட கழண்டு போச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் நாலு வருஷம் இவள் எந்த ஆஸ்பத்திரியிலிருந்து எப்படி வீடு வந்து சேரப் போகிறாள் என்பது அன்றைக்குத்தான் என் மனசில் உறைத்தது.

வேலை கேட்டுப் போகிறவள் இடத்தைப் பார்க்கக்கூடாது என்கிறார்களே, இவர்கள் எல்லாரும் எங்கிருந்து வந்தவர்கள்? அதே தோட்டங்களிலிருந்துதான். நாங்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு பொம்பளை, அங்கே யாராவது சொந்தக்காரர் இருந்தால் விருந்தாளி மாதிரிப் போய்த் தங்கிவிட்டு வருவாள். குழாயில் தண்ணீர் வருகிறதா, ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளை ஒழுங்காகப் பார்க்கிறார்களா, வேலை வாங்குகிற மண்டோருக்கு வாய் எப்படி, கை எப்படி, எல்லாம் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் லயத்து வீட்டிலிருந்து சட்டி பானையைக் கட்டுவோம். என் தம்பியும் பெண்டாட்டியை அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் கடைசியாகத் தோட்டம் மாறினான். அப்போது அதற்குப் பெயர் புத்திசாலித்தனம். இப்போது என் மகள் செய்தால் திமிர்.

முதலில் பார்க்கப் போனது பெரிய ஆஸ்பத்திரி. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் போதும். பெயர் எழுதமாட்டேன். அங்கே கிடைத்துவிட்டால் எல்லாருக்கும் பெருமை. எனக்கும்தான். மகள் வாரம் ஒரு தடவையாவது வீட்டுச் சோறு சாப்பிடுவாள் என்று மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. இரவு வேலை முடிந்து நேரே போகிறேன் என்றாள். தனியாகக் காரோட்ட விடமாட்டேன் என்று அவளை வீட்டுக்கு வரச்சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தூங்காமல் பேச்சுக் கொடுப்பதற்குத்தான் போனேன். வழியெல்லாம் செம்பனை, அதைப் பற்றி எவ்வளவுதான் பேசுவது? பக்கத்து வீட்டுச் சண்டையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனேன்.

அந்தப் பிரிவின் தலைவர் மரியாதையாகத்தான் பேசினார். இல்லையென்று சொல்லமாட்டேன். என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கோப்பி கொடுத்தார். புது மெஷினையெல்லாம் காட்டினார். அப்புறம் அங்கே படிக்கிற டாக்டர்கள் நாலைந்து பேரை வரச்சொல்லி வரிசையாக நிற்கவைத்து, "என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றார். அவர் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தார். என் மகள் இங்கிலீஷில் கேட்டாள், அவர்கள் இங்கிலீஷில் பதில் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் ஒவ்வொருத்தரும் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டது தெரிந்தது.

எனக்கு அங்கேயே உடம்பு சுட்டது. தோட்டத்துக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் இரண்டு நாளைக்கு முன்னால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அன்றைக்கு மட்டும் குழாயில் தண்ணீர் கொட்டும். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி பக்கத்தில் நின்றுகொண்டிருக்க, அதிகாரி வந்து "ஏதாவது குறை இருக்கா" என்று கேட்பார். யார் சொல்வார்கள்? "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு நிற்போம். டாக்டருக்குப் படித்தவர்களையும் இப்படி நிற்கவைப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை.

வெளியே வந்ததும் மகள் சொன்னாள்: "வாங்கம்மா, கேன்டீன்ல தேத்தண்ணி குடிக்கலாம். அங்கதான் நெசமான இன்டர்வியூ."

அவளுக்கு இது முன்னாலேயே தெரிந்திருந்தது. வரிசையில் நின்றவர்களில் ஒரு தமிழ்ப் பையனும் ஒரு மலாய்ப் பெண்ணும் மீ கோரிங் வாங்கிக்கொண்டு வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார்கள். பையன் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, உங்க மக சேந்தா நீங்க தெனமும் எங்களுக்கு சோறு கொண்டு வரணும். சம்மதமா?" என்றான். நல்ல பிள்ளை.

மகள் கேட்டாள்: "ராத்திரி எமர்ஜென்சின்னா ஸ்பெஷலிஸ்ட் கூட இருப்பாங்களா?"

"இருப்பாங்க. வீட்ல. போன்ல."

"கூப்ட்டா வருவாங்களா?"

"வருவாங்க. மறுநா காலையில மீட்டிங்ல எல்லாரு முன்னாடியும், இதுகூடத் தெரியாமத்தான் படிக்க வந்தியான்னு கேப்பாங்க. அதுக்குப் பயந்துகிட்டு யாரும் கூப்புட மாட்டோம்."

"ராத்திரி ஆன்கால் டியூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போக விடுவாங்களா?"

பையன் பக்கத்திலிருந்த பெண்ணைக் கையால் காட்டினான். அந்தப் பெண் முள்கரண்டியை வாய்க்குக் கொண்டுபோன மாதிரியே வைத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள். கழுத்து மட்டும் லேசாக ஆடியது. முட்டாக்குத் துணியில் சாஸ் ஒட்டியிருந்தது. எழுப்பவும் மனசு வரவில்லை, விடவும் மனசு வரவில்லை. கரண்டியை மட்டும் மெல்ல எடுத்துத் தட்டில் வைத்தேன். அவள் அடுத்து யாருக்கோ மயக்கம் கொடுக்கப் போகிறவள். அந்த ஆள் யார் பெற்ற பிள்ளையோ. இந்தப் பெண்ணும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே? 

காரில் ஏறியதும் நானே சொல்லிவிட்டேன்: "இங்க வேணாம் பாப்பா."

"பக்கத்துல இருக்கும்மா. உங்களுக்குத் தொண."

"வேணாம்னா வேணாம்."

இரண்டாவது ஆஸ்பத்திரி கிழக்குக் கரைப் பக்கம், மலையைத் தாண்டிப் போகவேண்டும். பாதி நாள் பிரயாணம். கட்டடம் பழசு. நடைபாதையில் கூரை ஒழுகி வாளி வைத்திருந்தார்கள். அங்கே தலைவர் ஒரு சீன அம்மா. கோப்பியும் இல்லை, ஒன்றும் இல்லை. நின்றபடியே பேசினார். மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். படிக்கிறவர்கள் ஓய்வறையில் இருக்கிறார்கள், போய்ப் பேசு, நான் வரமாட்டேன் என்றாராம். போன வருஷம் ஒருத்தர் பாதியில் விட்டுப் போனார், அவரையும் கேட்டுக்கொள் என்று போன் நம்பரையும் கொடுத்தாராம். இருதய ஆபரேஷன் இங்கே கிடையாது, அதற்குச் சில மாதம் வேறு ஊருக்கு அனுப்புவோம், வாடகை வீடு நீதான் தேடிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். ராத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் ஒருவர் ஆஸ்பத்திரியிலேயே படுப்பாராம். இரவு வேலை முடிந்தவர்கள் தூங்கி எழுந்து போக ஓய்வறையில் கட்டில் இருக்கிறது என்று அங்கே படிக்கிறவர்களும் சொன்னார்களாம். குறையையும் சேர்த்துச் சொன்ன அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போனது. தூரம்தான் பிடிக்கவில்லை.

விட்டுப் போனவரிடமும் மகள் போனில் பேசினாள். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததால் ஊருக்குத் திரும்பினேன், இல்லையென்றால் இருந்திருப்பேன் என்று அவர் சொன்னாராம்.

அங்கேதான் என்று முடிவானது. மனுப் போட ஒரு வாரம் இருந்தபோதுதான் என் தம்பி செய்த காரியம் தெரிய வந்தது.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் வேண்டுமா, லோரி பெர்மிட் வேண்டுமா, கட்சிக் கிளைத் தலைவரைப் பிடிப்பார்கள். அவர் யாருக்காவது போன் போடுவார். நடக்கிறதோ இல்லையோ, போன் போட்டாச்சு என்றால் ஒரு நிம்மதி. என் தம்பி எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்த கிளைத் தலைவரைப் பிடித்து, அவர் பெரிய ஆஸ்பத்திரித் தலைவருக்கே போன் போட்டு, "நம்ம பிள்ளை, பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டார். எந்த ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வந்தோமோ, அதே ஆஸ்பத்திரி!

கேன்டீனில் பார்த்த தமிழ்ப் பையன்தான் மகளுக்குப் போன் செய்தான். காலை மீட்டிங்கில் அந்தப் பிரிவுத் தலைவர் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தாராம்: நம்மைப் பரிசோதிக்க வந்த டாக்டரம்மா இப்போது அரசியல்வாதியை அனுப்பியிருக்கிறார் என்று.

மகள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சோறு போட்ட தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "நான் மனு போடலம்மா" என்றாள்.

"ஏன்? நீ போடப்போறது வேற எடத்துக்குத்தானே?"

"இன்டர்வியூல எல்லா எடத்துத் தலைவருங்களும் ஒண்ணா உக்காருவாங்க. அவரும் இருப்பாரு. நான் உள்ள நொழையிறப்பவே சிரிப்பாரு. படிச்சு வந்தவளா, புடிச்சு வந்தவளான்னு எல்லாரும் பாப்பாங்க. இத்தன வருசம் ஒருத்தர் கிட்டயும் போய் நிக்காம வந்தேன்மா."

அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பஸ் பிடித்துத் தம்பி வீட்டுக்குப் போனேன். நல்ல நேரம், கிளைத் தலைவரும் அங்கேதான் ஆட்டுக்கறிச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எலும்பைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"வாங்க சிஸ்டர். பேசியாச்சு. கவலைய விடுங்க. எடம் உறுதி."

"எந்த எடம்?"

"அந்தப் பெரிய எடந்தான்."

"அது வேணாம்னுட்டு வந்துட்டா எம் மக."

தம்பி குறுக்கே வந்தான். "வேணாம்னு சொல்ல இவ யாருக்கா? பெரியவரு நமக்காக எறங்கி வந்து பேசியிருக்காரு. நன்றி சொல்லுவியா, அத விட்டுட்டு."

 ஆம்பிளைகள் சாப்பிடும் இடத்தில் நான் நின்று பேசினதே கிடையாது. தம்பி பெண்டாட்டி சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இப்பவே போன் போடுங்க" என்றேன். "அந்தப் பிள்ள கேக்கல, அவளுக்குத் தெரியாது, நாங்களாத்தான் செஞ்சோம்னு சொல்லுங்க."

"அது எப்படிங்க சிஸ்டர்? எனக்கு மரியாதையா இருக்குமா?"

"எம் மக மரியாதையக் கெடுக்கும்போது யாரைக் கேட்டுக் கெடுத்தீங்க?"

"நல்லது செய்யப் போனா இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்து கை கழுவப் போனார்.

"அவ உங்ககிட்ட நல்லது கேட்டாளா? கேட்டாளா?" இரண்டாவது தடவை கத்திவிட்டேன். என் சத்தம் எனக்கே புதுசாக இருந்தது.

அவர் போன் போடவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தம்பி, "இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றான். மிதிக்காதே என்று சொல்லிவிட்டு நடந்தேன். பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். போன காரியம் நடக்கவில்லை. வெறும் கையோடுதான் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களாம்மா கத்துனீங்க? மாமா வீட்லயா?"

"ஆமா."

"அந்தத் தலைவரு முன்னாடியா?"

"எலும்பு கையில இருக்கும்போதே."

அப்போதுதான் சிரித்தாள். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கிழக்குக் கரை ஆஸ்பத்திரி அம்மாவுக்குப் போன் போட்டாள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். மாமா செய்தார், எனக்குத் தெரியாது, ஆனாலும் உங்கள் காதுக்கு வரும், அதனால் நானே சொல்கிறேன் என்று. அந்த அம்மா, எங்களுக்கும் இந்த மாதிரிப் போன் வரும், வைத்துவிடுவோம், நீ மனுவைப் போடு, இன்டர்வியூவில் கேட்டால் என்னிடம் சொன்ன மாதிரியே சொல் என்றாராம்.

அன்றைக்கே போட்டாள். முதல் இடம் கிழக்குக் கரை. இரண்டாவது இடம் என்று இருந்ததை வெறுமையாக விட்டாள். பெரிய ஆஸ்பத்திரியை ஒப்புக்காவது போட்டு வை என்று அவளுடைய சிநேகிதிகள் சொல்லியும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இன்டர்வியூ இன்னும் நடக்கவில்லை. கிடைக்குமோ கிடைக்காதோ. கிடைத்தால் அவள் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள், நான் இங்கே தனியாக இருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன். இரவு வேலை முடிந்தவள் அங்கேயே ஒரு கட்டிலில் தூங்கி எழுந்து கண் தெளிந்த பிறகு காரை எடுப்பாள் என்பது எனக்குப் போதும். தாமானில் பேசுகிறவர்கள் பேசட்டும். அவர்கள் வயிற்றைக் கிழிக்கிற அன்றைக்குத் தலைமாட்டில் தூங்கி விழாத ஒரு டாக்டர் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் யோசித்துக்கொள்ளட்டும்.

ஒரு வேண்டுகோள். படிப்பு எத்தனை வருஷம், மனுவில் எத்தனை இடம் எழுதலாம், இன்டர்வியூவில் யார் யார் உட்காருவார்கள் என்பதெல்லாம் மகள் சொல்லக் கேட்டு எழுதியது. நான் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கலாம். அவளிடம் காட்டினால் இதை வெளியில் போடவே விடமாட்டாள். அதனால் இந்தத் துறையில் படித்தவர்கள் யாராவது ஒரு தடவை பார்த்து, விவரம் தப்பாக இருந்தால் திருத்திக்கொடுங்கள். தம்பி வீட்டில் நான் பேசியதை மட்டும் மாற்ற வேண்டாம்.